சீலிங் ஸ்பிரிங்க்ளரின் மூடியும் வளையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடப் பராமரிப்பு வேலையில் தீயணைப்புக் குழாய்களோடு பல வருடம் பழகியவன் நான். பம்ப் ஓடுகிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று கட்டடத்தில் இருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. அண்ணாந்து பார்த்தால் தெரிவது, தீப்பிடித்தால் சீலிங்கிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் மூடியும் வளையமும்தான், அதனால் கேள்விகளும் அவற்றைச் சுற்றியே வருகின்றன. கீழே விதி என்று நான் சொல்வது பெரும்பாலும் என்எஃப்பிஏ 13, என்எஃப்பிஏ 25 என்ற இரண்டு அமெரிக்கத் தரநிலைகளில் உள்ளது. முதலாவது பொருத்துவதற்கு, இரண்டாவது பராமரிப்புக்கு. பல நாடுகளில் இவற்றைப் பின்பற்றுகிறார்கள்.

சீலிங்கில் வெள்ளையாக ஒரு வட்டத் தகடு இருக்கிறதே, அது ஸ்மோக் டிடெக்டரா?

டிடெக்டர் என்றால் புடைத்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் ஒரு சின்ன விளக்கும் மினுக்கும். திருகு தெரிந்தால் மின்சார ஜங்ஷன் பாக்ஸின் மூடியாக இருக்கும். இரண்டும் இல்லாமல் தட்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவில், சுமார் 80 மி.மீ. விட்டத்தில் இருந்தால் அது கன்சீல்டு ஸ்பிரிங்க்ளரின் கவர் பிளேட். ஹெட், அதாவது தண்ணீர் வரும் முனை, அதற்குப் பின்னால் ஒரு கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்தத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பின்புறம் ஒரு குட்டையான உலோக வளையம் இருக்கும். தகடு அந்த வளையத்தோடு பெரும்பாலும் மூன்று புள்ளிகளில் மட்டும் சாலிடரால் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளி அளவுதான். சாதாரண அறைகளுக்கு வரும் தகடுகளில் அந்த சாலிடர் 57 டிகிரி செல்சியஸில் இளகிவிடும், தகடு தன் எடையிலேயே கழன்று விழும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஹெட் சூடாகி, வழக்கமாக 68 அல்லது 74 டிகிரியில் திறக்கும். தண்ணீரைச் சிதறடிக்கும் டிஃப்ளெக்டர் சில மாடல்களில் தகடு விழுந்ததுமே கீழே இறங்கும், சிலவற்றில் ஹெட் திறக்கும்போது இறங்கும். ஆக, நீங்கள் மூடி என்று நினைப்பது இரண்டு கட்டமாக வேலை செய்யும் கருவியின் முதல் கட்டம்.

ரோசெட், எஸ்கட்சன், கவர் பிளேட் எல்லாம் ஒன்றுதானா?

ரோசெட்டும் எஸ்கட்சனும் ஒன்றுதான். ஃபிட்டர்கள் ரோசெட் என்பார்கள், கேட்டலாக்கில் எஸ்கட்சன் என்று போட்டிருக்கும். சீலிங்கில் போட்ட ஓட்டைக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தெரியும் இடுக்கை மறைக்கும் வளையம் அது. ஹெட் முழுவதும் வெளியே தொங்கினால் ஒரே தகட்டாலான தட்டை ரோசெட் போதும். ஹெட் பாதி உள்ளே, பாதி வெளியே இருப்பது ரிசெஸ்டு வகை. அதற்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு ரோசெட் வரும், அதில் 12 முதல் 19 மி.மீ. வரை ஏற்றி இறக்கிக்கொள்ள இடம் இருக்கும். ஹெட் முழுவதும் உள்ளே போய்விட்டால் அது கன்சீல்டு. அதற்குத்தான் கவர் பிளேட்.

விதி இவற்றை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வெளியே தொங்கும் சாதாரண ஹெட்டின் தட்டை ரோசெட் பெரும்பாலும் அழகுக்கும் இடுக்கை மூடுவதற்கும்தான். ரிசெஸ்டு, கன்சீல்டு வகைகளில் அப்படி இல்லை. ரோசெட்டும் கவர் பிளேட்டும் ஹெட்டோடு சேர்த்து ஒரே செட்டாகச் சோதித்துச் சான்று பெற்றவை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கவர் பிளேட் சீலிங்கோடு ஒட்டாமல் ஒரு இடைவெளி தெரிகிறது. வேலை சரியில்லையா?

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு நிறையச் செலவழித்து இன்டீரியர் செய்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது அரைகுறை வேலை மாதிரி படும்.

அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. மாடலைப் பொறுத்து 2 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். தீப்பிடித்தால் சூடான புகை நேரே மேலே ஏறி, சீலிங்கில் முட்டி, அதை ஒட்டியபடி நாலா பக்கமும் பரவும். சீலிங்குக்குக் கீழே ஓடும் அந்த மெல்லிய சூட்டுப் படலம் தகட்டின் விளிம்பு வழியாக உள்ளே போக வேண்டும். அப்போதுதான் தகட்டைப் பிடித்திருக்கும் சாலிடரும் சீக்கிரம் சூடாகும், உள்ளே இருக்கும் ஹெட்டும் சூடேறத் தொடங்கும். இடைவெளியை அடைத்தால் இரண்டுமே தாமதமாகும்.

ஒரு முறை புதிதாக பெயின்ட் முடித்த ஒரு தளத்தில் ஆய்வுக்குப் போனேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் தெரியவில்லை, சீலிங் மொழுமொழுவென்று இருந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் வட்டமாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பெயின்டர் பட்டி வைத்து இடைவெளியை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு கோட் அடித்திருந்தார். அந்த வேலையின் சுத்தத்தை இன்றைக்கும் பாராட்டுவேன். பிளேடால் கோட்டைச் சுற்றிக் கீறி ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பட்டி சாலிடர் புள்ளிவரைக்கும் போயிருந்தது. 57 என்ன, 100 டிகிரி வந்தாலும் அந்தத் தகடு சீலிங்கை விட்டு வந்திருக்காது. அந்தத் தளம் முழுவதும் தகடு மாற்றினோம். பட்டி உள்ளே போயிருந்த இடங்களில் ஹெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் தகட்டுக்கு சீலிங் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கக் கூடாதா? மெல்லிசாக ஒரே ஒரு கோட்?

கூடாது, ஒரு கோட்டும் கூடாது. தகட்டிலேயே பெயின்ட் அடிக்காதீர்கள் என்று பொறித்திருப்பார்கள், ஆனால் ஏணியில் ஏறிப் பார்த்தால்தான் அது தெரியும். பெயின்ட் விளிம்பில் வழிந்து தகட்டை சீலிங்கோடு ஒட்டிவிடும் என்பது ஒரு காரணம். தகடு சூட்டை வாங்கும் விதத்தையே பெயின்ட் பூச்சு மாற்றிவிடும் என்பது இன்னொன்று. ஸ்பிரே அடித்தால் இடைவெளி வழியாகத் தூசி மாதிரி உள்ளே போய் ஹெட்டின் மேலேயே படியும், அது மூன்றாவது.

நிறம் வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். வெள்ளை, கறுப்பு, குரோம், பித்தளை நிறம் வழக்கமாகக் கிடைக்கும். பல கம்பெனிகள் நீங்கள் கொடுக்கும் கலர் நம்பருக்கே பூச்சு போட்டுத் தரும். அந்தப் பூச்சோடு சேர்த்தே அவர்கள் சான்று வாங்கியிருப்பார்கள். இதற்கு நாள் பிடிக்கும். சீலிங் நிறத்தை முடிவு செய்யும் அன்றே தகட்டு நிறத்தையும் முடிவு செய்துவிட்டால் பிறகு பெயின்டரிடம் சண்டை போட வேண்டியிராது.

ஏற்கெனவே அடித்துவிட்டார்கள் என்றால் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். தகட்டை மாற்றுங்கள். ஹெட்டின் பல்பிலோ (சூட்டில் உடையும் கண்ணாடிக் குப்பி) லிங்க்கிலோ (சூட்டில் பிரியும் உலோக இணைப்பு) டிஃப்ளெக்டரிலோ பெயின்ட் பட்டிருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும், அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த விதியில் இடம் இல்லை.

பெயின்ட் வேலை நடக்கும்போது ஹெட்டை எப்படிக் காப்பாற்றுவது?

மெல்லிய காகிதப் பையோ பிளாஸ்டிக் பையோ போட்டு மூடி, வேலை முடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். மாஸ்கிங் டேப்பைச் சுற்றிவிட்டு மறந்துபோன ஹெட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை பை மாட்டினோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்து, கழற்றும்போது எண்ணிச் சரிபார்ப்பது என் வழக்கம்.

நிரந்தரமாகப் பை மாட்ட அனுமதி உள்ள இடமும் உண்டு. ஸ்பிரே பெயின்டிங் பூத். அங்கே நாள் முழுவதும் பெயின்ட் பறப்பதால் 0.076 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாத செலோஃபேன் பையையோ மெல்லிய காகிதப் பையையோ மாட்டி, பெயின்ட் படியப் படிய மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஒரு தகடு விழுந்து தொலைந்துவிட்டது. அதே அளவில் வேறு கம்பெனித் தகடு மாட்டலாமா?

மாட்டினால் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் சாலிடர் இளகும் வெப்பநிலை, வளையத்தின் உயரம், விடும் இடைவெளி எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. வளையம் கொஞ்சம் உயரமாக இருந்தாலே டிஃப்ளெக்டர் இறங்கும் வழியில் இடிக்கலாம்.

சரியான தகட்டைக் கண்டுபிடிக்க ஹெட்டின் அடையாள எண்ணைப் பாருங்கள். 2001 ஜனவரி முதல் ஒவ்வொரு ஹெட்டிலும் அது இருக்க வேண்டும். கம்பெனியைக் குறிக்கும் ஒன்றிரண்டு எழுத்தும் அதைத் தொடர்ந்து எண்களும் டிஃப்ளெக்டரிலோ பக்கத்திலோ பொறித்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் படிப்பதற்கு பதில் போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம். அந்த எண்ணுக்கான டேட்டா ஷீட்டில் எந்தத் தகடு, என்ன வெப்பநிலை என்று போட்டிருக்கும்.

அந்தத் தகடு இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்றால் ஹெட்டையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். ஒரு தகட்டுக்காக லைனில் தண்ணீரை வடித்து ஹெட்டை மாற்றுவதா என்று கோபம் வரும், நியாயம்தான். அதனால்தான் புதுக் கட்டடம் கைமாறும்போதே தகடுகளை உபரியாக ஒரு பெட்டி வாங்கி வைக்கச் சொல்கிறேன். உபரி ஹெட்டுக்கு விதியே கணக்கு சொல்கிறது: 300க்குக் குறைவான ஹெட் உள்ள கட்டடத்தில் 6, 300 முதல் 1000 வரை 12, அதற்கு மேல் 24. தகட்டுக்கு அப்படிக் கணக்கு இல்லை, ஆனால் அனுபவத்தில் ஹெட்டைவிடத் தகடுதான் அதிகம் காணாமல் போகிறது.

தகடு இல்லாவிட்டால் என்ன? சூடு இன்னும் நேராகப் படுமே?

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் ஹெட் சீலிங் மட்டத்துக்கு மேலே, குழிக்குள் இருக்கிறது. தகடு இல்லாதபோது சூடான காற்று அந்த ஓட்டை வழியாக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் வெற்றிடத்துக்குத் தப்பிப் போகலாம். ஹெட்டைச் சுற்றித் தேங்க வேண்டிய சூடு தேங்காது. ரோசெட் இல்லாத ஹெட்டுக்கும் இதே கதைதான். தீ தாங்கும் சீலிங்காக இருந்தால் அந்த ஓட்டை வழியாகத் தீயும் புகையும் மேலே போக வழி கிடைக்கிறது. சோதனைக்கூடத்தில் தகட்டோடுதான் சோதித்தார்கள், தகடு இல்லாமல் எவ்வளவு நேரத்தில் திறக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

தகடு அடிக்கடி கழன்று விழுகிறது. கொஞ்சம் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடலாமா?

ஒட்டக் கூடாது. சிலிக்கான், சூப்பர் குளூ, இரட்டைப் பக்க டேப் எதுவும் ஆகாது. தகட்டின் வேலையே விழுவது.

கழன்று விழுவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கும். சீலிங் மட்டத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள தூரம் அதிகமாகிவிட்டால் வளையம் கிண்ணத்துக்குள் முழுவதாக நுழையாது, ஒன்றிரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும். பல மாடல்களில் ஏற்ற இறக்கத்துக்குக் கிடைப்பது 12 மி.மீ. அளவுதான். சீலிங்கை அதற்கு மேல் இறக்கிக் கட்டியிருந்தால் பைப்பின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும்.

மாட்டுவதும் கழற்றுவதும் எப்படி?

சில மாடலை அழுத்தினால் போதும், சிலவற்றை அழுத்திவிட்டுத் திருக வேண்டும். கழற்றும்போது மரை உள்ளதை இடப்பக்கம் திருகுங்கள், மரை இல்லாததை விளிம்பைச் சுற்றிச் சமமாகப் பிடித்து இழுங்கள். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் மூன்று சாலிடர் புள்ளிகளில் ஒன்று விட்டுப்போகும், தகடு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த தகட்டைத் தட்டி நேராக்கி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிற்காது, புதிது வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டால் வெள்ளைத் தகட்டில் விரல் ரேகை விழாது. ரிசெஸ்டு ரோசெட்டை மாட்டும்போது பல்பில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதுவும் செட்டில் சேர்த்தியா?

இல்லை, உடனே ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். சீலிங் வேலை முடியும்வரை ஹெட்டில் அடிபடாமல், சிமென்ட் தெறிக்காமல் இருக்கப் போட்டு அனுப்பும் காப்பு மூடி அது. லைன் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். அதை எடுக்காமல் மேலேயே தகட்டை மாட்டிவிட்டால் கீழிருந்து எந்தக் குறையும் தெரியாது, ஆனால் அந்த ஹெட் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

பிளாஸ்டிக் ரோசெட் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

உலோகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங்க்ளரைச் சுற்றிப் பயன்படுத்தவே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சூட்டில் இளகி ஹெட்டின் மேல் வழியும் பொருளை அங்கே வைக்கக் கூடாது.

வெளியே தொங்கும் சாதாரண ஹெட்டில் ரோசெட் மட்டும் துருப்பிடித்திருந்தால் ஹெட்டைக் கழற்றாமலேயே மாட்டக்கூடிய, இரண்டாகப் பிரியும் உலோக ரோசெட் கிடைக்கிறது. ரிசெஸ்டு ஹெட்டில் அதைப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்.

பந்து விளையாடும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாகக் கம்பிக்கூண்டு போடலாமா?

அந்த ஹெட்டுக்கென்று சான்று பெற்ற கூண்டு போடலாம், கன்சீல்டு தகட்டின் மேல் அல்ல. அடிபடக்கூடிய ஹெட்டுக்குக் கூண்டு போடச் சொல்வதும் விதிதான். கடையில் கிடைக்கும் விளக்குக் கூண்டு வேண்டாம், அதன் கம்பி தண்ணீர் பரவும் வடிவத்தைக் கெடுக்கும்.

பல்பின் நிறத்துக்கும் தகட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பல்பின் நிறம் அது உடையும் வெப்பநிலையைச் சொல்கிறது. ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141 டிகிரி. தகடு ஹெட்டுக்கு முன்னால் விழ வேண்டும் என்பதால் அதன் சாலிடர் எப்போதும் ஹெட்டைவிடக் குறைந்த வெப்பநிலையில் இளகும். 68 டிகிரி ஹெட்டுக்கு வழக்கமாக 57 டிகிரித் தகடு, 93 டிகிரி ஹெட்டுக்கு 74 டிகிரித் தகடு.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், சீலிங்கே சூடாக இருக்கும் இடங்களில். சாதாரண வகை ஹெட்டுகள் சீலிங் பக்கத்து வெப்பம் 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்கானவை. வெயில் நேரே விழும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, அடுப்புக்கு மேலே, ஹீட்டர் காற்று அடிக்கும் இடத்தில், இன்னும் அதிக வெப்பத்தில் திறக்கும் அடுத்த வகை வேண்டும். தீ எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் தகடு மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் நான் முதலில் பார்ப்பது மேலே என்ன சூடு இருக்கிறது என்பதைத்தான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்? துடைக்கலாமா?

வருடத்துக்கு ஒரு முறை, தரையில் நின்றபடி கண்ணால் பார்த்தாலே போதும் என்கிறது என்எஃப்பிஏ 25. கசிவு, துரு, பெயின்ட், அடிபட்ட தடம், காணாமல் போன தகடு, தலைகீழாக மாட்டிய ஹெட் இவற்றைத் தேட வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். இடைவெளி இருந்தால் தகட்டைச் சுற்றி நிழல் விழும், அடைபட்டிருந்தால் விழாது.

தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். ஹெட்டைத் தொடாமல் காற்றால் ஊதலாம் அல்லது வேக்குவம் பிடிக்கலாம். தோரணம், பலூன், சட்டை ஹேங்கர் எதையும் ஹெட்டிலோ ரோசெட்டிலோ மாட்டக் கூடாது. பல்ப் உடைந்தால் கே80 என்ற சாதாரண அளவு ஹெட்டில் 1 பார் அழுத்தத்திலேயே நிமிடத்துக்கு 80 லிட்டர் கொட்டும்.

ரோசெட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கறை படிந்திருக்கிறது. லீக்கா?

இருக்கலாம், ஏசி வியர்வையாகவும் இருக்கலாம். குளிர்ந்த டக்டிலிருந்து சொட்டும் நீர் பைப் வழியாக வழிந்து, கடைசியில் ரோசெட்டில்தான் வந்து நிற்கும். கறையைத் துடைத்துவிட்டு, பைப்பைச் சுற்றி மேலே ஒரு டிஷ்யூ தாளைக் கட்டி வையுங்கள். ஏசியை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் தாள் நனைந்தால் ஹெட்டின் மரையிலிருந்தோ இணைப்பிலிருந்தோ கசிகிறது. ஹெட்டிலிருந்தே கசிந்தால் இறுக்கிப் பார்க்கும் பேச்சே இல்லை, அந்த ஹெட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது தகட்டையும் அதே மாடலில் எடுத்துவரச் சொல்லுங்கள். பழைய தகட்டை அதிலேயே மாட்டிவிட்டுப் போகும் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள்.